தாயில்லாத தெருப்பூனைக் குட்டிகள்: என்ன கோளாறு, என்ன செய்வது

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் மாடிப்படிக்கு அடியிலும் கண் திறக்காத குட்டிகள் கிடைக்கும். "அக்கா, பால் கொடுத்தேன், குடிக்கவே இல்லை" என்றுதான் பெரும்பாலான அழைப்புகள் ஆரம்பிக்கின்றன. நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி பாலைப் பற்றியது அல்ல. குட்டி சூடாக இருக்கிறதா? கீழே உள்ள கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: கிராம் காட்டும் சமையலறை எடை மெஷின், ஊசி இல்லாத 1 அல்லது 2 மில்லி சிரிஞ்சு, ரப்பர் காம்பு வைத்த சிறிய புட்டி, பஞ்சு, ஒரு நோட்டு. ஒவ்வொரு வேளையும் எடை, குடித்த அளவு, சிறுநீர், மலம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். மருத்துவர் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.

வயது தெரியாமல் எதுவும் சரிவராது. தொப்புள்கொடி ஒட்டிக்கொண்டிருந்தால் பிறந்து நான்கைந்து நாளுக்குள். 7 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். காது நிமிர்ந்து, முன்பற்கள் ஈறில் தட்டுப்பட்டால் மூன்று வாரம். கோரைப்பல் வந்துவிட்டால் நான்கு வாரத்தை நெருங்குகிறது. பட்டினி கிடந்த குட்டி வயதுக்கு ஏற்ற எடையில் இருக்காது. எடையை விடப் பல்லை நம்புங்கள்.

தாயைக் காணோம்

இது கோளாறே இல்லாமல் இருக்கலாம். தாய்ப்பூனை இரை தேடிப் பல மணி நேரம் போய்வரும். இடம் மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போவதால் நடுவில் ஒன்றிரண்டு தனியாகக் கிடக்கும்.

குட்டிகள் சுத்தமாக, வயிறு நிறைந்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கினால்: தொடாதீர்கள். தாய் இருக்கிறது. நீங்கள் அங்கேயே நின்றால் அது வராது. வீட்டுக்குள் போய்விடுங்கள். நேரில் காவல் காக்க முடியாவிட்டால் குட்டிகளைச் சுற்றிக் கோலப்பொடியை வளையமாகத் தூவிவிட்டுப் போங்கள்; தாய் வந்து போனால் காலடி பதிந்திருக்கும். கல்மாவாக இருக்கட்டும். அரிசி மாவு போட்டால் எறும்பை நீங்களே விருந்துக்கு அழைத்த மாதிரி.

அழுக்காக, சில்லென்று, விடாமல் கத்திக்கொண்டு இருந்தால்: காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். எறும்பு மொய்த்திருந்தாலோ, மழையில் நனைந்திருந்தாலோ, தாய் வண்டியில் அடிபட்டதைக் கண்ணால் பார்த்திருந்தாலோ அப்படித்தான்.

மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. தாய் திரும்பி வந்தால் குட்டியைத் தயங்காமல் அதனிடமே விடுங்கள். அதைவிட நல்ல பால் எந்தக் கடையிலும் கிடையாது.

உடல் சில்லென்று இருக்கிறது, துவண்டு கிடக்கிறது

இது அவசரம். பால் புட்டியைக் கீழே வையுங்கள். குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது. புகட்டிய பால் வயிற்றிலேயே கெடும், அல்லது நுரையீரலுக்குப் போகும்.

பார்க்க வேண்டியது: சுண்டுவிரலைக் குட்டியின் வாய்க்குள் வையுங்கள். வாய்க்குள்ளும் சில்லென்று இருந்தால் ஆபத்து. முதல் வாரத்தில் குட்டியின் உடல் வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ். அதைத் தானாகத் தக்கவைத்துக்கொள்ளும் திறன் அதற்கு இன்னும் வரவில்லை.

காரணம் 1, மின்விசிறி. சென்னை வெயிலில் குட்டிக்கு ஏன் குளிர்கிறது என்று கேட்பவர்களை அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். பெட்டிக்கு நேர் மேலே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். ஏ.சி. அறையும் மொசைக் தரையும் இதே வேலையைச் செய்யும். பெட்டியை இடம் மாற்றுங்கள்.

காரணம் 2, ஈரம். சிறுநீரில் நனைந்த துணியை மாற்றவில்லை, அல்லது அழுக்கு போகட்டும் என்று யாரோ குளிப்பாட்டிவிட்டார்கள். துடைத்து, உலர்த்தி, காய்ந்த துணியில் வையுங்கள்.

காரணம் 3, பட்டினி. சர்க்கரை இறங்கியிருக்கும். சூடேற்றத் தொடங்கிய பிறகு, ஒரு சொட்டு குளுக்கோஸ் கரைசலை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது.

சூடேற்றும் முறை: பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, பழைய பனியனில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக இடம் வேண்டும். நகர முடியாத குட்டி என்றால் பாட்டிலை ஒட்ட வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். உங்கள் வயிற்றோடு, சட்டைக்குள் அணைத்து வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் விடச் சுலபம். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிக்க வேண்டாம். மெதுவாக, ஒரு மணி நேரம் எடுத்துச் சூடேறட்டும்.

முதல் வாரம் குட்டி படுத்திருக்கும் இடம் 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் சற்றுக் குறைக்கலாம். சித்திரை வெயிலில் மாடி வீட்டு அறை தானாகவே இதைத் தாண்டிவிடும். அப்போது குட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் படுத்து வாய் திறந்து மூச்சு வாங்கும், பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

ஒரு மணி நேரம் சூடேற்றியும் தலை தூக்கவில்லை, மூச்சுக்குத் திணறுகிறது என்றால் மருத்துவமனை. போகும் வழியிலும் வெந்நீர் பாட்டில் கூடவே இருக்கட்டும்.

பால் குடிக்க மறுக்கிறது

உடல் சூடாக இருப்பதை உறுதிசெய்துவிட்டுத் தொடருங்கள்.

பால் ஆறிவிட்டதா? மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆறிய பாலைப் பல குட்டிகள் துப்பிவிடும்.

காம்பின் துளை சரியா? புதுக் காம்பில் துளையே இருக்காது. நாம்தான் போட வேண்டும். புட்டியைக் கவிழ்த்தால் பால் ஒவ்வொரு சொட்டாக விழ வேண்டும். விழவே இல்லை என்றால் குட்டி உறிஞ்சிச் சலித்துவிடும். தாரையாக ஊற்றினால் புரையேறும்; அந்தக் காம்பைத் தூக்கியெறியுங்கள்.

சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கிறதா? மூன்று வாரம்வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிடும், இங்கே நீங்கள்தான் தாய். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை மெதுவாகத் தட்டித் துடைத்துவிட்டுப் பிறகு புகட்டிப் பாருங்கள்.

மூக்கு அடைத்திருக்கிறதா? மணம் தெரியாத பூனை சாப்பிடாது. ஈரப் பஞ்சால் மூக்கைத் துடையுங்கள். சளி கெட்டியாக, மஞ்சளாக இருந்தால் மருத்துவர்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வேளை தொடர்ந்து மறுத்தால், இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை மூன்றாவது வேளைவரை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அழைத்துப் போங்கள்.

எந்தப் பால்? பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர்தான். நம் வீட்டுப் பாக்கெட் பாலில் அதற்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் போதாது. அதிலுள்ள லாக்டோஸ் கழிச்சலை உண்டாக்கும். தண்ணீர் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஏற்கெனவே போதாத சத்தை இன்னும் பாதியாக்குவதுதான் அது. இரவு கடை மூடிவிட்டால் விடியும்வரை ஆட்டுப்பாலை வைத்துச் சமாளிக்கலாம்; அதற்கு மேல் வேண்டாம்.

மூக்கு வழியாகப் பால் வருகிறது

புரையேறியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். குட்டியின் தலையைச் சற்றுக் கீழே சாய்த்து, மூக்கைத் துடைத்து, அது தும்மி முடிக்கும்வரை காத்திருங்கள். அந்த வேளைப் பாலை மறந்துவிடுங்கள்.

காரணங்களை வரிசையாகப் பாருங்கள். முதலாவது, படுக்கவைத்த விதம். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. குட்டி குப்புறப் படுத்து, நான்கு காலும் துணியில் ஊன்றி, தலை மட்டும் லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, வேகம். சிரிஞ்சை அழுத்தி ஒரே மூச்சில் செலுத்தக் கூடாது. ஒரு சொட்டு விட்டு, தொண்டை அசைவதைப் பார்த்து, அடுத்த சொட்டு. மூன்றாவது, சங்கு. குழந்தைக்குப் பாலாடையில் புகட்டிப் பழகிய பாட்டிகள் அதே கைப்பக்குவத்தில் குட்டிக்கும் ஊற்றிவிடுவார்கள். கை நடுங்காத பாட்டியாக இருந்தாலும் வேண்டாம். நான்காவது, வாய்க்குள் மேலண்ணத்தில் பிளவு. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். இருந்தால் புட்டியைத் தொடாமல் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த இரண்டு நாள் மூச்சைக் கவனியுங்கள். குட்டியைக் காதருகே வைத்தால் கிர்ர், டிக் என்று ஓசை கேட்கிறது, வாய் திறந்து மூச்சு விடுகிறது, பால் மறுக்கிறது என்றால் நிமோனியாவாக இருக்கலாம். வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமில்லை. மார்பில் தைலம் தடவவே கூடாது; கற்பூரம் பூனைக்கு நஞ்சு.

கழிச்சல்

புட்டிப்பால் குடிக்கும் குட்டியின் மலம் கடுகு மஞ்சளில், பற்பசைப் பதத்தில் இருக்கும். அது நோய் இல்லை.

மஞ்சள்தான், ஆனால் தண்ணீராகப் போகிறது: பால் அதிகம். நான் பார்த்தவரை மிகச் சாதாரணமான காரணம் இதுதான். பாசத்தால் வருவது. ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லியைத் தாண்ட வேண்டாம். குட்டி இன்னும் கேட்டுக் கத்தினாலும் நிறுத்திவிட்டு, இரண்டு வேளைக்கு இடையிலான நேரத்தைக் குறையுங்கள். முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வாரம் மூன்று, மூன்றாம் வாரம் நான்கு. இரவும் சேர்த்துத்தான்.

வெள்ளையாக, திரிதிரியாக: பால் செரிக்காமல் வெளியே வருகிறது. அளவைக் குறையுங்கள். பவுடரை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படிதான் கரைக்கிறீர்களா, பால் பிராண்டைத் திடீரென்று மாற்றினீர்களா என்று பாருங்கள்.

பச்சையாக, நாற்றத்துடன்: கிருமித் தொற்றாக இருக்கலாம். கரைத்த பால் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள். சிரிஞ்சு, காம்பு எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுங்கள். அன்றே மருத்துவரிடம் மலத்தைக் காட்டுங்கள்.

இரத்தம் கலந்து: கேள்வி கேட்காமல் கிளம்புங்கள்.

ஆறு வாரக் குட்டி வாந்தியும் எடுக்கிறது, தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது, குடிக்கவில்லை: பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் காலையில் குட்டி இருக்காது. மற்ற பூனைகளிடமிருந்து உடனே பிரித்துவையுங்கள். இந்த வைரஸ் வீட்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குச் சாகும். பெட்டியை எரித்துவிடுங்கள், தரையைக் கரைசலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

ஃபினாயில் போடாதீர்கள். பூனை பாதத்தை நக்கும். பீனால் சார்ந்த எதையும் அதன் கல்லீரல் தாங்காது. வீட்டில் குட்டி இருக்கும்வரை ஃபினாயில் பாட்டில் கழிவறையைத் தாண்ட வேண்டாம்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க: ஈறைத் தொட்டால் வழுவழுப்பாக இருக்க வேண்டும், விரல் ஒட்டக் கூடாது. சிறுநீர் கிட்டத்தட்ட நிறமற்று இருக்க வேண்டும். அடர் மஞ்சளானால் நீர் போதவில்லை. மருத்துவர் தோலுக்கடியில் நீர் ஏற்றுவார். அதை வீட்டில் செய்ய முயல வேண்டாம்.

மலமே போகவில்லை

சிறுநீர் ஒவ்வொரு வேளையும் போக வேண்டும். மலம் ஒருநாள் விட்டுப் போனாலும் பரவாயில்லை. இரண்டு நாள் முழுதாகத் தாண்டி, வயிறும் கல்லாக இருந்தால்தான் கவலை.

பெரும்பாலும் துடைத்துவிடும் நேரம் போதவில்லை. அரை நிமிடத்தில் கையை எடுத்துவிடுகிறோம். இரண்டு நிமிடம் விடாமல் செய்யுங்கள். வெதுவெதுப்பான நீரில் குட்டியின் பின்பாதியை மட்டும் சற்று நேரம் வைத்து, வயிற்றைச் சுற்றி விரலால் நீவிவிட்டால் பல நேரம் போய்விடும். உடனே துடைத்து உலர்த்துங்கள். பவுடர் கெட்டியாகக் கரைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைப்பது மனிதக் குழந்தைக்கே இப்போது யாரும் சொல்வதில்லை. குட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

சிறுநீரே வரவில்லை, அல்லது மலவாய் இருக்க வேண்டிய இடத்தில் துளையே இல்லை: மருத்துவர். உடன்பிறந்த குட்டி பிறப்புறுப்பைக் காம்பு என்று நினைத்துச் சப்பி, அது வீங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு. அடியில் சிவந்து வீங்கியிருந்தால் குட்டிகளைத் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். வீங்கிய பிறகும் சிறுநீர் இறங்குகிறதா என்று ஒவ்வொரு வேளையும் பாருங்கள். இறங்காவிட்டால் தாமதம் கூடாது.

எடை ஏறவில்லை

பிறக்கும்போது குட்டி ஏறத்தாழ 100 கிராம். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுக்கும் முன் எடை பாருங்கள்.

ஒரு நாள் ஏறாமல் நின்றால்: பவுடர் கரைத்த அளவு, புகட்டிய வேளைகள், சூடு மூன்றையும் சரிபாருங்கள். இரவு அலாரம் வைத்து எழாமல் விட்ட வீடுகளில் இதுதான் நடக்கும்.

எடை குறைந்தால்: அன்றே மருத்துவர். நன்றாகத்தானே விளையாடுகிறது என்று தோன்றும். மெஷின் பொய் சொல்வதில்லை.

வயிறு பானையாக, முதுகெலும்பு துருத்திக்கொண்டு இருந்தால் குடற்புழு. தெருக்குட்டி அனைத்துக்கும் புழு உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், தாய்ப்பாலிலேயே வந்துவிடும். இரண்டு, மூன்று வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து உண்டு. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் எழுதித்தரட்டும். நாய்க்குட்டிக்கு வாங்கி மிஞ்சியதைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

கண் ஒட்டிக்கொண்டிருக்கிறது

காய்ச்சி ஆறவைத்த நீரில் பஞ்சை நனைத்து, ஒரு நிமிடம் கண்மேல் ஒத்தடமாக வைத்து, பீளை இளகியதும் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பஞ்சு கூடாது. திறக்காத கண்ணை விரலால் பிளக்காதீர்கள்.

இன்னும் திறக்காத கண்ணின் இமை புடைத்திருந்தால் உள்ளே சீழ் கோத்திருக்கிறது. தாமதித்தால் பார்வை போய்விடலாம், உடனே மருத்துவரிடம் போங்கள். தும்மலும் சளியும் சேர்ந்து வந்தாலும், துடைத்த ஒரு நாளில் மறுபடி ஒட்டினாலும் மருத்துவர்தான். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதக் கண் சொட்டு மருந்து வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண்ணைப் பெரிதாக்கிவிடும்.

உடம்பு கொதிக்கிறது என்று பாராசிட்டமால் சொட்டு விடுபவர்கள் உண்டு. பூனைக்குப் பாராசிட்டமால் கொல்லும் மருந்து. எந்த வயதிலும், எந்த அளவிலும்.

தெள்ளு, எறும்பு, புழு

மயிரைப் பிரித்தால் மிளகுத்தூள் போல் கருப்புப் பொடி தெரிகிறதா? ஈரப் பஞ்சில் வைத்தால் சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது குட்டியின் இரத்தம். ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் வீட்டிலேயே சமாளிக்கலாம். வெளுத்துக் காகிதமாக இருந்தால் இரத்தச்சோகை, உடனே மருத்துவர்.

வீட்டில் செய்யக்கூடியது: நெருக்கமான பேன் சீப்பால் வாரி, சீப்பை சோப்பு நீரில் முக்குங்கள். அதிகமாக இருந்தால் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவத்தை முதலில் கழுத்தைச் சுற்றி வளையமாகத் தேயுங்கள். தெள்ளு முகத்துக்கு ஏறாது. பிறகு கழுத்துக்குக் கீழே மட்டும் வெதுவெதுப்பான நீரில் அலசி, உடனே உலர்த்திச் சூட்டில் வையுங்கள். நாய்க்கான தெள்ளுப் பொடி, சொட்டு மருந்து எதையும் தொடாதீர்கள்; அவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையை வலிப்பில் தள்ளிக் கொல்லும்.

எறும்புக்குப் பழைய வழிதான் நல்ல வழி. பெட்டியை ஸ்டூல்மேல் வைத்து, ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். பெட்டியிலிருந்து சுவரைத் தொடும் துணி நுனி ஒன்று இருந்தால் போதும், எறும்பு அதைக் கண்டுபிடித்துவிடும். சாக்பீஸ் மருந்தைப் பெட்டியைச் சுற்றி வரையாதீர்கள். புண்ணில் புழு நெளிந்தால் நீங்கள் எடுக்க முயல வேண்டாம்.

வட்டமாக மயிர் உதிர்ந்திருந்தால் படர்தாமரை. குட்டிக்கு ஆபத்தில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் வரும். கையைக் கழுவுங்கள், மருந்து வாங்குங்கள், பதற வேண்டாம்.

நான்கு வாரமாகியும் புட்டியை விடவில்லை

பல் வந்து, காம்பைக் கடித்துத் துண்டாக்கத் தொடங்கியதும் மாற்றலாம். பூனைக்குட்டி உணவைப் பாலில் குழைத்து, தட்டையான தட்டில் வைத்து, விரலில் தொட்டு வாயில் தடவுங்கள். தட்டிலேயே நடந்து மீசையெல்லாம் பூசிக்கொள்ளும். ஓரிரு நாள் பொறுங்கள். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து மசித்த கோழி, முள் நீக்கிய மீன் தரலாம். வெங்காயம், பூண்டு ஆகாது.

தயிர்ச்சோற்றில் பூனை வளர்க்க முடியாது. சைவ வீடுகளில் இதைச் சொன்னால் மனம் வருந்துகிறார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். வீட்டில் அசைவம் சமைக்க வேண்டாம். பூனை உணவுப் பாக்கெட் வாங்கினால் போதும். அதுவும் முடியாது என்றால் வேறு வீடு பாருங்கள்.

மணல் தட்டும் இப்போதே. ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் வேண்டாம், குட்டிகள் தின்னும். ஆற்று மணல் அல்லது கிழித்த செய்தித்தாள் போதும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தட்டை வேறு யாராவது சுத்தம் செய்யட்டும்.

சீறுகிறது, கீறுகிறது

எட்டு வாரத்துக்குள் என்றால் மாறிவிடும். பெரிய அறையில் விட்டால் கட்டிலுக்கடியில் குடியேறிவிடும். குளியலறை அளவுள்ள சின்ன இடத்தில் வையுங்கள். உணவு உங்கள் கையிலிருந்து மட்டுமே வரட்டும். துண்டில் சுற்றி, முகம் மட்டும் தெரிய, மடியில் வைத்துக்கொண்டு ஊட்டுங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள்.

மூன்று நான்கு மாதம் ஆன, மனிதக் கை படாத குட்டி பெரும்பாலும் பழகாது. அதை வீட்டில் அடைப்பது இரு தரப்புக்கும் தண்டனை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டுச் சோறு வையுங்கள். பெண் குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்பட முடியும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

கடித்தாலோ கீறி இரத்தம் வந்தாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். குட்டிதானே என்று விடாதீர்கள். வெறிநோய்க்கு வயது வித்தியாசம் கிடையாது. குட்டிக்கு எட்டு, ஒன்பது வாரத்தில் முதல் தடுப்பூசி. மூன்று, நான்கு வாரம் கழித்து அடுத்தது. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி.

எங்கே போவது? ஊரில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் பூனையையும் பார்ப்பார்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே போனாலும் மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், எடை எழுதிய நோட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலம் சரியில்லை என்றால் சிறிய டப்பாவில் அதையும்.